நான் செத்ததாக வைத்த ஒத்திகை

சென்ற ஆண்டுப் புயலில் குருநகர்க் கரை இருண்டு கிடந்தபோது என் ஐஸ் தொழிற்சாலையும் படுத்துவிட்டது. கட்டியெல்லாம் உருகி வாய்க்காலில் ஓடியது. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான், இனி என்ன வந்தாலும் இந்த இயந்திரம் நிற்கக்கூடாது என்று திட்டம் போடத் தொடங்கினேன். பெரிய ஜெனரேற்றர் வாங்கினேன். டீசலுக்கும் தண்ணீருக்கும் தனித்தனி ஏற்பாடு. ஒருவருக்குச் சுகமில்லாவிட்டால் இன்னொருவர் என்று ஆட்களுக்கும் மாற்று வைத்தேன். எனக்கு மாற்று யார் என்று கடன் தந்த வங்கியின் முகாமையாளர் கேட்டார்.

"என்ரை மகன் றஜிந்தன்," என்றேன்.

அவன் லண்டனில் இருக்கிறான் என்றதும் அந்த மனுஷன் ஒரு மாதிரிப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டனில் இருந்தால் மகன் இல்லையா? அம்மாவுக்கு ஒன்று என்றால் அவன் வராமல் விடுவானா?

வீடு தொழிற்சாலைக்குப் பின்னால்தான். கணவர் கிறிஸ்ரோபர் போனபின் எனக்குத் துணை அந்த இயந்திரத்தின் இரைச்சல். அது ஓடினால் தூங்குவேன், நின்றால் விழித்துவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

நானில்லாமலும் வேலை நடக்குமா என்று திட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் குறித்தோம். தொழிற்சாலையை மேற்பார்வை பார்க்கும் ஜெசிதா, "நீங்கள் கொழும்புக்குப் போனமாதிரி வைப்பமே அன்ரி?" என்றாள்.

"கொழும்பிலை எண்டால் போன் எடுத்து அரியண்டம் குடுப்பாய். நான் செத்துப்போனன் எண்டு வைச்சுச் செய்."

அன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு சோறு வேண்டும்? சமைத்து முடித்தபின் நேரம் போகவேயில்லை. நானில்லாமல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள், உண்மையைச் சொன்னால், கதிரையில் இருந்து அழுதேன்.

மத்தியானம் இரைச்சல் நின்றது.

கறண்ட் இருந்தது, தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகென்ன வந்தது? செருப்பும் போடாமல் ஓடினேன். தொழிற்சாலைக் கேற் பூட்டியிருந்தது. வெளியே ஜெசிதா மட்டும் நின்றாள்.

"ஏனடி நிப்பாட்டினனீ?"

"நீங்கள் செத்திட்டீங்கள் அன்ரி."

"அதுக்கு?"

"செத்தவீடு கிடக்க ஆர் கடலுக்குப் போவினம்? ஒரு வள்ளமும் இறங்காது. ஐஸ் ஆருக்கு?"

எங்கள் கோவில் பங்கு மக்களுக்குள் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பிறந்த நாள் முதல் தெரிந்த வழக்கம். புயலை நினைத்தேன், டீசலை நினைத்தேன், இதை மறந்துவிட்டேன். இயந்திரத்தை ஓட்டும் கிறகோரி அண்ணை எங்கே என்று கேட்டேன்.

"சேமக்காலைக்குப் போயிட்டார். கிறிஸ்ரோபர் மாமாவின்ரை கல்லறைக்குப் பக்கத்திலை உங்களுக்கு இடம் கிடக்கோ எண்டு பாக்க."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்காக ஒரு கரையே தொழிலுக்குப் போகாமல் நிற்கும் என்று தெரிய நான் சாகவேண்டியிருந்தது.

ஜெசிதா விடவில்லை. "எத்தினை நாள் பூட்டி வைக்கிறது எண்டதுதான் தெரியேல்லை. றஜிந்தன் அண்ணை வந்து சேரும் மட்டும் அடக்கம் இல்லைத்தானே. பிறகு அவர்தானே இதை நடத்தப்போறார். அவர் வர எத்தினை நாள் செல்லும் அன்ரி?"

அதை நான் அவனிடம் கேட்டதேயில்லை. அங்கேயே நின்று அழைத்தேன். வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து எடுத்தான். ஒத்திகையைப் பற்றிச் சொல்லி, சும்மா ஒரு கணக்குக்குத்தான் கேட்கிறேன் என்றேன்.



"எனக்காண்டி அடக்கத்தைத் தள்ளி வைக்கச் சொல்லாதேங்கோ அம்மா," என்றான். "இப்ப எல்லாரும் செத்தவீட்டை லைவ் போடுகினம்தானே. நான் இஞ்சை இருந்தே பாப்பன்."

இப்படி ஒரு பேச்சுக்கு நான் சீறியிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. "சரி அப்பன், வேலைக்குப் பிந்தாதை," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஜெசிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நாள் பூட்டினால் காணும் பிள்ளை," என்றேன். "பின்னேரம் என்னை அடக்கம் பண்ணிப்போட்டு, விடிய மிசினைப் போடு."

"அப்ப றஜிந்தன் அண்ணை?"

"அவன் வரமாட்டான். நீதான் நடத்தோணும்."