குடிக்காத பதினான்கு மாதங்கள்

கல்லீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயது நாற்பத்தாறு. குடிதான் காரணம். அன்றோடு நிறுத்தினான். அதற்கு முன் இருபது தடவையாவது "விட்டுடறேன்" என்று சத்தியம் செய்தவன், இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. அதனால்தான் மனைவிக்கு நம்பிக்கை வந்தது.

பதினான்கு மாதம் ஓடியது. வயிற்றில் நீர் கோப்பதும், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசியால் அதை வடிப்பதும் பழகிப்போனது. "எனக்கு மாசாமாசம் பிரசவம்" என்பான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டையின் உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றான். நாக்கு குழறியது. மூன்றாம் மாடியில் கதவு மூடமாட்டேன் என்கிறது என்றான். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

"எங்க வாங்கினீங்க?"

"என்னது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவன் அசடு வழியச் சிரித்தான். பல வருஷம் பார்த்துச் சலித்த சிரிப்பு அது.

"இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லி, வாசலை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவள் வேலை.

நாலரை மணிக்குத் திரும்பியபோது அவன் தரையில் கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. குனிந்து தூக்கும்போதுதான் அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது. வாடையே இல்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து எடுத்த நீர், சோப்பு கலந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது.

"ரத்தத்துல மது துளிகூட இல்லம்மா" என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். "வயித்து நீர்ல கிருமி புகுந்திருக்கு. கல்லீரல் கெட்டவங்களுக்கு இது வந்தா மூளை குழம்பிடும். பாக்கறதுக்குக் குடிச்சவங்க மாதிரியேதான் இருக்கும்."

"காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்தார். "சீக்கிரம் வந்தா நல்லதுதான். ஆனா வந்திருந்தா கண்டிப்பா சரியாகியிருக்கும்னும் சொல்ல முடியாது. இப்ப மருந்து ஏத்தறோம்."

இரண்டு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி அந்த மருந்துக்கு மசியவில்லை. வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் ஜுரம் இறங்கியது. மத்தியானம் அவன் கண் திறந்து, அவளைப் பார்த்து, "வேலைக்குப் போகலையா?" என்றான்.

"திங்கட்கிழமை நான் உங்கள என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லையே."

அப்படியே விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. ஒன்று விடாமல் சொன்னாள்.

"பூட்டிட்டா போன?"

"ஆமா."

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றான். பிறகு, "வீணா திட்டு வாங்கினதுக்கு, ஒரு வாய் குடிச்சிருக்கலாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறி அடங்க மறுத்தது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமே இல்லை. மன்னித்தானா, தேற்றினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

மறுநாள் சிறுநீர் நின்றது. கிருமியை மருந்து ஜெயித்துக்கொண்டிருந்தது, ஆனால் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்றார் டாக்டர். எட்டாம் நாள் காலை அவன் போய்விட்டான்.

முதலில் வந்து சேர்ந்தது நாத்தனார். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "குடிச்சுக் குடிச்சே போயிட்டியேடா" என்று அழுதாள்.

"இல்ல அண்ணி" என்றாள் மனைவி. "பதினாலு மாசமா அவர் தொடல."

நாத்தனார் நம்பாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் நம்பல அண்ணி" என்று சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.