காலி நாற்காலிக்கு என்ன குறி போடுவது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. பதிப்பாளரோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். ஓடினேனே தவிரப் பேச்சை நிறுத்தவில்லை; அடுப்படியிலிருந்தே அவர் கேள்விக்குத் தொண்டை கிழியப் பதில் சொன்னேன். திரும்பி வந்தால், "எங்க போயிட்டீங்க? ஒண்ணும் காதுல விழலையே" என்கிறார். என் பெயருக்குக் கீழே 'சற்று விலகியுள்ளார்' என்று வந்ததாம். சொந்த வீட்டில் இருந்த என்னை இல்லை என்று சொல்ல இந்த வீடியோ கால் மென்பொருள் யார்?

விசாரித்தேன். அந்த மென்பொருள் நொடிக்குப் பலமுறை நம் முகத்தைத் தேடுகிறது. மூன்று நொடி கிடைக்காவிட்டால், ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டி ஒலியையும் அடைத்துவிடுகிறது. அதற்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க, ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்து 'இருக்கிறார்', 'இல்லை' என்று குறி போடும் மனிதர்கள் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். (இதைக் கேட்டதும் எரிச்சல் தணிந்துவிட்டது. அவர்களில் ஒருத்தியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.)

2

'அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது வானம்—'

வேண்டாம். வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

'அவள் குறி போடுபவள். அவளுடைய கண்கள்—'

இதில் பாதி தேறும். அலுவலகத்தில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை, வரிசையாக இருபது திரைகள். ஒருவர் எழுவதற்கு முன்பே அவர் எழப்போவது கழுகுக்குத் தெரிந்துவிடும். முதலில் பார்வை ஓரமாகப் போகும். கை மேசையை அழுத்தும். தோள் நகரும். கடைசியில் நாற்காலி மட்டும் அரைச்சுற்று ஆடி நிற்கும். முகம் மறைந்த நொடியில் 'இல்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு வருடமாக அழுத்துகிறாள்.

அவள் கணவன் கடல் கடந்த ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். (முதல் வரைவில் அவனைப் பொறியாளனாக்கியிருந்தேன். கழுகு அவனோடு ஒட்டவே இல்லை. உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்று மாற்றியதும் ஒட்டிக்கொண்டாள்.)

3

மூன்று வருடப் பிரிவில் அவர்கள் முகம் பார்த்துப் பேசியது குறைவு. வீடியோ காலைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். திரையில் இரண்டு காலி நாற்காலிகள்தான் இருக்கும். ஆனால் அவன் சட்டை தேய்க்கும் சத்தம் கேட்கும், அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும், சுருதி சேராமல் அவன் முனகும் மெட்டும் கேட்கும்.

"இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். உன் பாட்டைக் கேட்டா இருக்கறவங்களும் எழுந்து ஓடிடுவாங்க."

பக்கத்து அறையில் அவன் இருப்பது போலவே இருந்தது. இன்னொன்றும் உண்டு. கஷ்டமான எதையும் அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதே இல்லை. படியில் வழுக்கி விழுந்ததையும், அவள் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் திரைக்கு வெளியே போய் நின்றுதான் சொன்னான்.

பிறகு அந்தப் புது வசதி வந்தது. கழுகு கற்றுக்கொடுத்த வசதிதான். (அதை அணைத்துவைக்க முடியாதா என்று கேட்பீர்கள். விடுதியில் நிறுவனம் கொடுத்த கணினியில்தான் அவன் பேசுகிறான். அதில் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வரும் காலில் அவள் பக்கத்துக்கும் அதே பூட்டுதான்.) இப்போது எழுந்தால் ஒலி அடைபடுகிறது. அதனால் இருவரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள். கழுகு ஏங்கிப்போனாள். அவன் இருமினால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

4

அந்த ஏக்கத்தில்தான் வேலையில் தப்பு செய்தாள். முகம் போனபின்னும் குரல் கேட்கிற பதிவுகளுக்கெல்லாம் 'இருக்கிறார்' என்று குறி போட்டாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். மேற்பார்வை பார்க்கும் அக்கா கூப்பிட்டனுப்பினாள்.

"நாற்காலி காலியா இருக்கு. இருக்கிறார்னு போட்டிருக்க. தூங்கிட்டியா?"

"குரல் கேக்குதேக்கா."

"என்ன குரல்?"

"'இரு, வரேன்'னு சொல்லிட்டுத்தான் பாதிப் பேர் எழுந்திருக்காங்க. போகும்போதுகூட 'இரு'ன்னுதான் சொல்றாங்க. அதுக்கு எப்படிக்கா இல்லைன்னு போடறது?"

"இருக்கச் சொன்னது எதிர்ல இருக்கறவங்களைம்மா. சொன்னவங்க போயாச்சு."

(அக்காவை முதலில் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். அநியாயம். அவள் சொன்னதில் தப்பில்லை. நாளைக்குள் திருத்திக் கொடுத்துவிட்டால் மேலிடத்துக்குச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள்.)

5

அன்று மாலை. அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று நிறுவனத்தில் கேட்டிருந்தார்கள். அன்று வேலைக்கு ஏறுமுன் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன முடிவு பண்ணே?"

அவன் பார்வை ஓரமாகப் போனது. கை மேசையை அழுத்தியது.

"இரு, வரேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. ஒலி அடைபட்டது. பின்சுவரில் அவன் நிழல் மட்டும் குறுக்கும் நெடுக்கும் நடந்தது. நிழலின் கை ஆடிக்கொண்டே இருந்தது. அவன் பேசிக்கொண்டிருக்கிறான்.

என்ன சொன்னான்? 'வந்துடறேன்' என்றானா? அப்படி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். 'கையெழுத்துப் போட்டுட்டேன்' என்றானா? அதையும் எழுதினேன். இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன, அதுதான் பயமாக இருக்கிறது. நானே எழுதும் கதை, அந்த அறைக்குள் நுழைய எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் இவ்வளவு நேரம் கழுகின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, அவளுக்குக் கேட்காததை நான் மட்டும் போய் ஒட்டுக்கேட்க மனம் வரவில்லை.

(ஒலி அடைபடும் என்று அவனுக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் எழுந்தானா, தெரிந்தேதான் எழுந்தானா என்று—)

6

திரும்பி வந்து உட்கார்ந்தான். மூட்டையை இறக்கிவைத்தவனின் முகம்.

"இப்ப சொல்லு. நீ என்ன சொல்ற?"

'எனக்குக் கேக்கல' என்று அவள் சொன்னால் போதும். ஆனால் சொன்னால், அவன் அதையே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிவரும். அவனால் முடியாது. அவளுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிச் சமாளிப்பான்.

"இரு, வரேன்" என்று கழுகு எழுந்தாள்.

அடுப்படிக்குப் போய் நின்று மூன்று நொடி எண்ணினாள். ஒலி எப்போது அடைபடும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"எவ்வளவு நாளைக்கு நான் நாற்காலியையே பாத்துட்டு இருக்கறது? நீ கையெழுத்தே போட்டிருந்தாலும் சரி, கிழிச்சுப் போட்டுட்டு வந்துடு. எனக்கு நீ வேணும்."

சத்தமாகத்தான் சொன்னாள். இப்படி ஒரு வார்த்தையை இதுவரை அவள் சொன்னதே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு முகமும் கிடைத்ததில் மென்பொருளுக்குத் திருப்தி. அவன் சொன்னது அவளுக்குத் தெரியாது, அவள் சொன்னது அவனுக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என் வார்த்தையைத்தான் அவர்கள் வாயில் திணிப்பேன். இன்னும் நான்கு நிமிடத்தில் அவன் கிரேன் ஏற வேண்டும். 'எனக்குக் கேக்கல' என்று யார் முதலில் சொல்லட்டும்? நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம்.