பட்டறைக்காரரின் ஒருபுறப் பேச்சு

கடைசல் பட்டறைக்காரர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெரு நாய் திரும்பிப் பார்க்கும். காலமெல்லாம் இயந்திரத்தோடு போட்டி போட்டுக் கத்தி வளர்ந்த குரல். அந்தக் குரலில்தான் போன வாரம் மச்சான் வீட்டில், எல்லாரும் கூடியிருக்கும்போது, மனைவியைக் காட்டி, "இவளுக்கு என்னங்க தெரியும்!" என்று சொல்லித் தொலைத்தார். வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவரோடு பேசவும் இல்லை.

இன்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்கால வண்டிக்கு அக்கா வீட்டுக்குப் புறப்பாடு. திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. மன்னிப்புக் கேட்டால் தங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் தொண்டை வரை வந்து, வீடு மாறி வந்த விருந்தாளி மாதிரி திரும்பிப் போய்விடும்.

கூடத்தில் மகள் நாடகக் கலைச்சொற்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். நாளை பரீட்சை.

"தனிமொழின்னா, ஒருத்தர் தனியா நின்னு மனசுல உள்ளதைப் பேசறது. ஒருபுறப் பேச்சுன்னா, மேடையில மத்தவங்க இருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கிட்டு, பார்க்க வந்தவங்ககிட்ட பேசறது. பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்காது."

"எப்படிம்மா கேக்காமப் போகும்? செவிடா?" என்றார் அவர்.

"கேட்டாலும் கேக்காத மாதிரி இருக்கணும்ப்பா. அதான் நாடக மரபு. மீறினா நாடகமே படுத்துடும்."

பட்டறைக்காரர் எழுந்தார். மனைவிக்கு முதுகைக் காட்டி, உள்ளங்கையைக் கன்னத்தருகே மறைப்பாக வைத்து, ஜன்னலைப் பார்த்து ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பேசினார்; கண்ணாடி மட்டும் லேசாக அதிர்ந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நாலு பேர் சிரிக்கணும்னு பெண்டாட்டியை விட்டுக்கொடுத்துட்டேன். பட்டறைக்கு வர்றவங்ககிட்ட பக்குவமாப் பேசி வேலை பிடிக்கறதே அவதான். எனக்கு இரும்போட மட்டும்தான் பேசத் தெரியும்."

எதிர்மாடியில் துணி உலர்த்தியவள் போர்வையும் கையுமாகச் சிலையானாள். சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். ஊரே கேட்டது. மரபுப்படி கேட்காதவள் ஒருத்திதான். மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெருக்கோடி வீட்டுக்காரங்க காதுல சரியா விழலையாம்ப்பா. இன்னொரு தடவை?" என்றாள் மகள்.

"சும்மா இருடி!"

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் உள்ளங்கையும் கன்னத்துக்குப் போனது.

"அவமானப்படுத்தினது அண்ணன் வீட்டுல. தப்புன்னு சொல்றது ஜன்னல்கிட்ட. நல்லா இருக்குடியம்மா நியாயம்!"

பட்டறைக்காரருக்கு முகம் சிவந்தது. பிறகு மகளிடம், "உங்கம்மா சொன்னது எனக்குக் கேக்கலை. இருந்தாலும் மாமாவுக்கு ஃபோன் போடு" என்றார்.

அந்தப் பக்கம் மணி அடித்தது; மச்சான் எடுத்தார். இவர் ஃபோனை வாங்கிக்கொண்டார். "மச்சான், அன்னைக்கு உங்க வீட்டுல நான் உங்க தங்கச்சியை..."

குரல், வாழ்க்கையில் முதல் தடவையாக, எழும்பவே இல்லை.

பெட்டியை விட்டுவிட்டு அவள் நேராக அவர் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, அங்க ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க. அண்ணியும் கேக்கட்டும்."