கனடாப் பேணி

ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, கீர்த்திகாவைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். என் கணவரின் தம்பி செந்தூரனுடைய மனைவி அவள். புத்தூரில் ஒரே வளவுக்குள் எங்களுக்கு இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. அவளுக்கு மகன், எனக்கு மகள். இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை. அவளுடைய அண்ணை கனடாவில் இருக்கிறார். என்னுடைய அண்ணை மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கிறார்.

பிள்ளைகளுக்கு ஆறு மாதம் ஆனதும் அவளுக்குக் கனடாவிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற மா, தகரப் பேணி பேணியாக. மூடியைத் திறந்தால் வாசம் கிணற்றடிவரை வரும். நான் என் மகளுக்குக் குரக்கன்மாவை, வெறும் கேழ்வரகுமாவை, காய்ச்சிக் கொடுத்தேன். கிளினிக்கில் நிறை பார்க்கிற நாளில் அட்டையில் அவனுடைய கோடு மேலே மேலே ஏறும், என் மகளுடையது நடுவில் போகும். "நல்ல நிறைதானே, ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?" என்று மருத்துவிச்சி கேட்பார். நல்ல நிறை யாருக்கு வேண்டும்? அவனைவிடக் கூட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேலை செய்தேன். முடிந்த பேணிகளைக் கீர்த்திகா குப்பைக்கிடங்கில் போட்டுக் கொளுத்திவிடுவாள். அவள் நெருப்பு வைக்குமுன் ஒன்றை எடுத்துத் துடைத்து, குரக்கன்மாவை அதற்குள் கொட்டி, பேர் தெரியும்படி முன் அலுமாரியில் வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கீர்த்திகாவும் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் எடுப்பிச்சனீங்களோ?"

"ஓம், தெரிஞ்ச ஆக்களிட்டைச் சொல்லி," என்றேன். ஒரு வருடம் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தேன்.

போன மாதம் அவளுடைய அண்ணை தொலைபேசி எடுத்தார். அந்த மாவில் பார உலோகங்கள் கலந்திருக்கிறதாம், அதிலும் ஈயம்தான் கூடவாம், கொம்பனி கடைகளிலிருந்து திருப்பி எடுக்கிறதாம். கீர்த்திகா மகனின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தாள். ஈயம் இருந்தது. மூளை வளர்ச்சியை இனிப் போகப்போகத்தான் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு அவன் தத்தித் தத்தி வந்து, பெரியம்மா என்று சொல்ல வராமல் "பெம்மா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அந்தச் சந்தோசம் அப்படியே செத்துப்போனது.

எரிச்சல் மட்டும் சாகவில்லை. கனடாவில் தாய்தகப்பன்மார் சேர்ந்து அந்தக் கொம்பனிமேல் கூட்டு வழக்கு வைக்கிறார்கள் என்று அடுத்த கிழமை தெரியவந்தது. பாருங்கள், அவளுக்கு வழக்கும் கனடாவில். எங்கள் பக்கத்தில் இருப்பது ஒரு வேலிச்சண்டை வழக்கு.

துணைக்கு வரச்சொல்லிக் கீர்த்திகா என்னைத்தான் கேட்டாள். இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நல்லூரில் சட்டத்தரணி அற்புதராணியிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உது இங்கத்தைக் கடையிலை வாங்கினதெண்டால் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.யிட்டைக் குடுத்துச் சோதிக்கலாம், நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதலாம், இறக்கினவனையும் வித்தவனையும் கோட்டுக்கு இழுக்கலாம். ஆனா இது பெட்டியிலை வந்த சாமான். அண்ணையிட்டைப் பில் இருந்தால் அங்கத்தை வழக்கிலை சேர ஏலுமோ எண்டு அங்கத்தை லோயரிட்டைக் கேக்கலாம். எதுக்கும் பேணி வேணும். அடியிலை இலக்கம் அடிச்சிருக்கும், எந்தத் தொகுதி மா எண்டு அதிலைதான் காட்டலாம். இருக்கோ?"

"எல்லாத்தையும் கொளுத்திப்போட்டன், இலக்கமும் கருகியிருக்கும்," என்றாள் கீர்த்திகா. உடனே என் பக்கம் திரும்பினாள். "அக்காவிட்டை இருக்கு! இவவின்ரை பிள்ளையும் உதைத்தான் சாப்பிட்டது."

"அப்ப ரெண்டு பிள்ளை. உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

"ஜெயகௌரி," என்று சொல்லிவிட்டேன். என் பெயரும் அவள் பெயருக்குப் பக்கத்தில் கனடாவுக்குப் போகப்போகிறது என்ற ஆசைதான், வேறொன்றுமில்லை.

கீர்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "நான் காட்டிக் காட்டிக் குடுத்தபடியாத்தான் அக்காவும் எடுப்பிச்சவ. ரெண்டு பிள்ளையையும் நான்தான் கெடுத்துப்போட்டன்."

சட்டத்தரணி எழுதுவதை நிறுத்தவில்லை. "இவவின்ரை பிள்ளையின்ரை இரத்தமும் பாக்கவேணும். ஒரே மாவைத் திண்ட பிள்ளையின்ரை இரத்தத்திலை ஒண்டும் இல்லையெண்டு வந்தால், மாவிலை பிழையில்லை எண்டு கொம்பனிக்காரன் நிண்டு வாதாடுவான். மற்றப் பிள்ளையின்ரை வழக்கும் விழும்."

கீர்த்திகாவின் மடியில் அவளுடைய மகன் சோர்ந்துபோய்க் கிடந்தான். நான் பேசாமல் இருந்தால் அவனுக்கு இருந்த ஒரே பிடியையும் நானே அறுத்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்கச் சிரிக்கும்.

"என்ரை பேரை வெட்டுங்கோ," என்றேன். "அது கீர்த்திகாவின்ரை பேணி. அவவின்ரை குப்பைக்கிடங்கிலை எடுத்தனான். என்ரை பிள்ளைக்கு நெடுகக் குரக்கன்தான் குடுத்தனான். உந்த மாவை அது நாக்கிலையும் வைக்கேல்லை."

அற்புதராணி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பெயரை வெட்டினார். "அப்ப நீங்கள் சாட்சி. எங்கை எடுத்தனீங்கள், ஏன் எடுத்தனீங்கள் எண்டு சத்தியக்கடதாசியிலை சொல்லவேணும்."

"சொல்லுறன்."

கீர்த்திகா என் கையை விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் மகள் மேசையைப் பிடித்து எழும்பி நின்று, சட்டத்தரணியின் கண்ணாடியைக் காட்டி ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்திகா அவளுடைய கால்களைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், திரும்பவும் கால்களைப் பார்த்தாள். கண் எடுக்கவில்லை.

கிளினிக்கில் அவளுடைய மகனை நான் பார்த்த அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா? என் பிள்ளையை ஒருத்தி ஒருநாளாவது அப்படிப் பார்க்கவேண்டும் என்று எவ்வளவு ஏங்கினேன். இப்போது பார்க்கிறாள். மகளை இழுத்து என் மடியில் மறைக்கக் கை நீண்டது. மறைக்க எனக்கு முகமில்லை.