வானளாவன், அறை எண் மூன்று

ஒரு குழந்தைக்குப் பெயரிடுவது காலத்தின் நெற்றியில் கையெழுத்திடுவதற்குச் சமம். அரசர்கள் மறைவார்கள், கோட்டைகள் சரியும், பெயர் மட்டும் நிற்கும். என் கணவர் இதைச் சொன்னபோது அவருடைய இடது கையில் குழந்தையின் இரண்டு கால்களும், வலது கையில் அது அப்போதுதான் நனைத்து முடித்திருந்த துணியும் இருந்தன. நனைத்து முடிக்கவில்லை என்பது 'நிற்கும்' என்ற இடத்தில் தெரிந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அதனாலதான் சொல்றேன், வானளாவன்," என்றார்.

வானளாவன் என்றால் வானத்தை எட்டித் தொடுபவன். பிறந்தபோது எடை இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த நீளத்தை வைத்துப் பார்த்தால் வானத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரம் பாக்கி இருந்தது. தகப்பன் வழி உயரமும் நம்பிக்கை தருவதாக இல்லை. எங்கள் வீட்டில் பரணிலிருந்து பெட்டி எடுக்க அவருக்கு ஸ்டூல் வேண்டும், எனக்குக் கை நீட்டினால் போதும். ஆனால் மூன்று மாதம் அகராதிகளைப் புரட்டி, இந்தப் பெயர் பூமியில் வேறு எவருக்கும் இல்லை என்று உறுதி செய்திருப்பதாகச் சொன்னார். அடுக்குமாடிகளுக்கு லிஃப்ட் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருப்பவர். எதையும் உறுதியாகச் சொல்லித்தான் பழக்கம்.

உறவினர்களின் வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். விருப்பங்கள் இரண்டு: 'பிடித்திருக்கிறது', 'மிகவும் பிடித்திருக்கிறது'. முப்பத்தொரு பேர் வாக்களித்து முடித்த பிறகுதான் குழுவிலிருந்து நான் போன வருடமே வெளியேறிவிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. பால் போடுபவரிடம் கேட்டார், மாடி வீட்டுக்காரரிடம் கேட்டார், சவரத்துக்கு உட்கார்ந்த இடத்தில் முடிதிருத்துபவரிடமும் கேட்டிருக்கிறார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் யாரை ஆமோதித்தார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் கேட்கவில்லை. அறிவித்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர். பேரனை மடியில் போட்டுக்கொண்டு, முடியில்லாத அந்தத் தலையைப் பார்த்து அவர் கூப்பிடுவது 'பெரியவரே' என்று. அவரிடம் முறையிட்டேன்.

"பேரு எதுவா இருந்தா என்னம்மா," என்றார். "அஞ்சு வயசு தாண்டினா அரை டிக்கெட்டு. அவ்வளவுதான் விஷயம். என்ன பெரியவரே?"

பெரியவர் ஏப்பம் விட்டார்.

எனக்கு இந்த விஷயத்தில் பேச அனுபவம் உண்டு. நான் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனை நிலையத்தில். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன். டோக்கன் இயந்திரம் பழுதாகி நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு பெயர்கள். சாதாரணப் பெயர்க்காரர்கள் கூப்பிட்டதும் எழுந்து போய்விடுவார்கள். பெரிய பெயர்க்காரர்கள் அப்படியல்ல. கூடமே திரும்பிப் பார்க்கும். 'வெற்றித்திருமகன்' என்று கூப்பிட்டால், கையில் சிறுநீர்க் குப்பியோடு ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வருவார். அந்தக் குறுகிய தோள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து மாதம் வாந்தியெடுத்து, பதினாலு மணி நேரம் வலித்து, ஏழு தையல் போட்டுக்கொண்டது அப்படி ஒரு தோளை உண்டாக்குவதற்கு அல்ல.

"சாதாரணமா ஒரு பேரு வைங்களேன்," என்றேன்.

"சாதாரணமான பேரு வெச்சா சாதாரணமாத்தான் வருவான்."

"உங்களுக்குச் சாதாரணமான பேருதானே?"

"அதைத்தான் சொல்றேன்."

இப்படிப்பட்ட நேர்மையோடு சண்டை போட முடியாது. பாத்திரத்தைத் தேய்த்தேன். வழக்கத்தைவிடச் சத்தமாகத் தேய்த்தேன். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். குழந்தை எழுந்து அழுதது. "இப்பத் திருப்தியா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கல்யாணமான ஆறு வருடத்தில் நாங்கள் முழுமையாக ஒத்துப்போன வாக்கியம் அது ஒன்றுதான்.

பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் வேறு அலுவலகம், வேறு விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், இரண்டு சாட்சிகள். படிவத்தில் தாய், தந்தை இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். என் சம்மதம் தேவைப்பட்ட ஒரே இடம் அந்தக் கோடுதான். அங்கேயும் அவர் பென்சிலால் ஒரு சிறிய பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், நான் வழி தவறிவிடாமலிருக்க.

வியாழக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். கூடத்தில் நாற்பது பேர், எல்லோரும் வெறும் வயிறு, எல்லோருக்கும் கோபம். மைக்கை எடுத்து, "வானளாவன், அறை எண் மூன்று," என்றேன். ஒரு சிரிப்புக் கிளம்பும், அதை அப்படியே கைப்பேசியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டம்.

யாரும் சிரிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா மட்டும் கவலையோடு எழுந்து வந்தார். "ஏம்மா, வானளாவனுக்கும் சாப்பிடாமத்தான் வரணுமா? டாக்டர் எனக்கு அந்த டெஸ்ட் எழுதியிருக்காரா பாரு."

"இல்லைங்கம்மா, அது ஒருத்தரோட பேரு."

"நல்ல பேரும்மா," என்றார் அவர். "புள்ளைக்குத் திருஷ்டி பட்ருக்கும், அதான் உடம்புக்கு வந்துருச்சு."

எனக்கு அழுகையே வந்தது. கைப்பேசியை மூடி வைத்தேன். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. அதன் பட்டையில் என் கணவருடைய கம்பெனியின் பெயர் ஓடியது.

"மேடம், அந்தப் பேருல நெஜமாவே ஒரு ஆளு இருக்காரா?"

"ஏன் சார்?"

"எங்க ஆபீஸ்ல புது லிஃப்டுக்குப் பேரு வைக்கப் போட்டி வெச்சாங்க. நான் தேர்வுக் குழுவுல இருந்தேன். சேல்ஸ்ல ஒருத்தர் இந்தப் பேரை எழுதிக் குடுத்திருந்தார். கூடவே ஏழு பக்கம் விளக்கம். வாசிச்சு வாசிச்சு, மேனேஜருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"அவ்வளவு பிடிச்சுதா?"

"சிரிச்சு மேடம், சிரிச்சு. முதல் சுத்துலயே தூக்கிட்டோம். அந்த லிஃப்டு மொத்தம் நாலு மாடிதான் போகும்."

அவரை அறை எண் ஐந்துக்கு அனுப்பினேன். அங்கே ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு அது வேலையில் முதல் வாரம். அந்த அட்டைக்காரருக்கு மூன்று இடத்தில் குத்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதில் எனக்குப் பங்கில்லை, ஆனால் வருத்தமும் இல்லை. என் கணவரைப் பார்த்து நான் சிரிக்கலாம். அதற்குத் தாலி கட்டியிருக்கிறார். வெறும் வயிற்றில் வந்தவர்களெல்லாம் சிரிப்பதற்கில்லை.

இருந்தாலும் ஆயுதம் ஆயுதம்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. அவர் படிவத்தில் பெயரை முதலில் பென்சிலால் எழுதி, எட்ட வைத்துப் பார்த்து, அழித்து, இன்னும் அழகாக எழுதிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்கு ஆகாத பெயர் என் பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்க வாயெடுத்தேன். ஏழு பக்கம் ஞாபகம் வந்தது. சில ராத்திரிகள் சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். ஆபீஸ் வேலை என்றார். நான் அப்போது ஏழு மாதம். ஒரு தடவை கால் பிடித்துவிடச் சொன்னதற்கு, "இரு, முக்கியமான வேலை," என்றார். பரிதாபமும் கோபமும் ஒரே டம்ளரில் ஊற்றினால் குடிக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் வரிசை வாசல் வரை நின்றது. குழந்தை என் தோளில். கவுண்டரை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு கொத்தனார், பொழுது போக வேண்டுமென்று பேச்சுக் கொடுத்தார். "பையனுக்கு என்ன பேருங்க?"

அவ்வளவுதான். என் கணவர் இரண்டு அங்குலம் உயர்ந்தார். "மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணேன். இவனுக்காகவே செதுக்கின பேரு. இவனுக்காக மட்டும்."

"லிஃப்டுக்கு வெச்சிருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் கடிப்பதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். வரிசை நகர்ந்தபோது கொத்தனார்தான் அவர் முதுகைத் தொட்டு, "போங்க சார்," என்றார். எனக்கு முன்னால் நடந்துபோன அந்தத் தோள்களை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"யாரு சொன்னா?" என்று கேட்டார், சுவரைப் பார்த்து.

"யாரோ. அறை எண் அஞ்சு."

"ஏழு பக்கத்தையும் சொன்னாங்களா?"

"இல்லை," என்றேன். பொய்தான்.

கவுண்டருக்கு வந்துவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, படிவத்தில் பென்சிலால் எழுதியது செல்லாது, பெயரைச் சொல்லுங்கள், நானே பேனாவால் எழுதுகிறேன் என்றார். என் கணவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீயே சொல்லு."

இதற்காகத்தான் மூன்று மாதம் பாத்திரம் தேய்த்தேன். இதற்காகத்தான் சண்டை, அழுகை, மைக். குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், எனக்காக. ஒரு நாளைக்கு இருநூறு பெயர் கூப்பிடுகிற வாயில் ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் முந்தின நாள் ரத்தம் கொடுத்தவர்களும் மறுநாள் ஸ்கேனுக்கு வரப்போகிறவர்களும்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, ஒரு மணி ஆகுது. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"வேணும்னா நான் சொல்றேன்," என்றார் என் கணவர், மெதுவாக, திரும்பவும் கொஞ்சம் உயர்ந்து.

"வேண்டாம்," என்று அவசரமாக ஒரு பெயரைச் சொன்னேன். சாதாரணமான பெயர். வாயில் தடுக்காதது. கூப்பிட்டால் கூடம் திரும்பாதது. குமாஸ்தா பேனாவை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் கணவரும் போட்டார். முத்திரை விழுந்த சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு என் தோளில் பால் கக்கியது.

நான் சொன்னது, கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குமாஸ்தாவின் சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையில் இருந்த பெயர்.