சைலன்சருக்கு எடுத்த அளவு

“இது சைலன்சரா, இல்ல தண்ணித் தொட்டிக்குப் போடுற குழாயா?” என்று தையற்காரர் வாசலில் நின்று கத்தினார்.

“நீங்க போன்ல சொன்ன அளவுதான் சார். ஆறேகால் இன்ச். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் ஆறேகால்னீங்க” என்று காயலான்கடைக்காரரும் குரலை உயர்த்தினார்.

இருவருக்கும் நடுவே லாரியிலிருந்து கழற்றிய ஒரு புகைக்குழாய் கிடந்தது. பூனை தாராளமாக உள்ளே போய்க் குட்டி போடலாம். பக்கத்தில் தையற்காரரின் இருபத்திரண்டு வயதுக் கார், அடிவயிற்றில் ஓட்டையோடு. அது கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நான் மாடியில், மடித்த துணியையே மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

தையற்காரர் கோட்டு தைப்பவர். வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார், அதற்குக் கார் வேண்டும். மாதக் கடைசியில் வண்டிச் சோதனை. இந்தச் சத்தத்தோடு போனால் வண்டி திரும்பி வராது. அந்த மாடலுக்குப் புதுச் சைலன்சர் செய்வதையே விட்டுவிட்டார்கள். அதனால்தான் பழசுக்கு அலைந்தார்.

சண்டையை நிறுத்தியது அவர் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வயது முப்பத்துநான்கு, அதிகம் பேசாதவள். லாரிக் குழாயைப் பார்த்தாள். அண்ணன் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தாள்.

“அண்ணா, டேப்பைச் சுத்திப் பிடிச்சு எடுத்தீங்களா?”

“பின்ன எப்படி எடுக்கிறது?”

“அது இடுப்பு இல்லண்ணா. குழாய்க்குக் குறுக்கால எடுக்கணும். ரெண்டு இன்ச்.”

நீளத்திலும் ஒன்றரை அங்குலம் தையலுக்கு விட்டுச் சொல்லியிருந்தார் என்பது அப்புறம் தெரிய வந்தது. காயலான்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடியிலிருந்த எனக்கே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டடி தள்ளி நின்ற அண்ணனுக்குப் புரியவில்லை.

மறுநாள் காயலான்கடைக்காரரே அளவெடுக்க வந்தார். அதற்கடுத்து ஒரு குழாய் வந்தது. வளைவு வேறு பக்கம். இன்னொன்று வந்தது; தொங்கவிடும் கொக்கி இல்லை. மூன்றாவதில் போல்ட்டு ஓட்டைகள் நேருக்கு நேர் சேரவில்லை. இருபது வருஷம் இதே தொழிலில் இருப்பவருக்கு ஒரு குழாய் தேட இவ்வளவு தடுமாற்றமா என்று தையற்காரர் அலுத்துக்கொண்டார். காருக்கு அடியில் படுத்தபடி காயலான்கடைக்காரர் பேச, தங்கை ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி பதில் சொல்வாள். கம்பி சுற்றிய மூக்குக்கண்ணாடியோடு முதல் நாள் வந்த மனிதர், மூன்றாம் நாள் புது ஃபிரேமில் வந்தார். எந்தக் கடையில் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். தங்கைக்கு வந்த மாப்பிள்ளைகளில் மூன்று பேரைத் தையற்காரர் தோள் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர். ஆள் நல்லவன்தான், ஆனால் இடது தோள் இறங்கியிருக்கிறது, கோட்டு நிற்காது என்பார். காயலான்கடைக்காரரோ இருபது வருஷமாக வலது தோளில் இரும்பு சுமப்பவர். மாடியிலிருந்து பார்த்தாலே சாய்வு தெரியும்.

குழாய் பொருந்திவிட்டால் அவர் வரமாட்டார் என்று அந்தப் பெண் அண்ணியிடம் சொல்லிக் கண் கலங்கினாளாம். யாரிடமும் சொல்லாதே என்றுதான் தையற்காரர் மனைவி என்னிடம் சொன்னாள். நானும் நாலு பேருக்கு மேல் சொல்லவில்லை.

நாலாவது குழாய் பொருந்தியே விட்டது. கார் சோதனையில் தேறிப் பூனை மாதிரி வீடு திரும்பியது. காயலான்கடைக்காரர் பையை மூடிக்கொண்டு, போக மனமில்லாமல் போனார்.

இரண்டே நாளில் மறுபடி கடகடவென்று சத்தம். குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்பில் ஒரு போல்ட்டைக் காணோம். கூப்பிட்டார்கள், ஓடி வந்தார். அடுத்த வாரம் இன்னொரு போல்ட்டு காணாமல் போனது. காயலான்கடை போல்ட்டு வேறெப்படி இருக்கும் என்று தையற்காரர் திட்டிக்கொண்டே, கறுப்புப் பட்டன் தேடிப் பட்டன் டப்பாவுக்குள் கைவிட்டார். எண்ணெய் துடைத்துச் சுத்தமாக இரண்டு போல்ட்டுகள் கைக்கு வந்தன. அந்த வீட்டில் சாயங்காலம் உட்கார்ந்து பட்டன் தைப்பது தங்கைதான்.

டப்பாவை மூடினார். தானே போன் போட்டு அவரை வரச் சொன்னார்.

நல்லவேளை, அன்றைக்கென்று என் ரவிக்கையில் ஒரு கொக்கி பிய்ந்துபோயிருந்தது. பிய்க்கக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. நான் போய் உட்காரவும், காயலான்கடைக்காரர் கருவிப்பையோடு நுழையவும் சரியாக இருந்தது.

“பையைக் கீழே வெச்சுட்டு நேரா நில்லுங்க” என்றார் தையற்காரர்.

மார்பைச் சுற்றி டேப் போட்டார். இடுப்பு, கை நீளம் எல்லாம் ஆயிற்று. தங்கை உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டேப் தோளுக்கு வந்தது. வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், மறுபடி வலதைத் தொட்டார்.

“முக்கால் இன்ச் இறங்கியிருக்கு.”

தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரியும்ணா” என்றாள் தங்கை. “அந்தத் தோள்லதான் அத்தனை குழாயும் நம்ம வீட்டுக்கு வந்துச்சு.”

தையற்காரர் கொஞ்ச நேரம் டேப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

“உள்ளே பஞ்சு வெச்சா சரியாயிடும். கையை இறக்குங்க, மாப்பிள்ளை.”

அடுத்த மாதமே கல்யாணம். கோட்டு முதல் தடவையிலேயே பொருந்தியது; சைலன்சர்க்காரர் நாலு தடவை எடுத்துக்கொண்டதை அண்ணன் சபையிலேயே சொல்லிக் காட்டினார். இப்போது அவள் காயலான்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறையில் குடியிருக்கிறாள். அண்ணன் வாரம் தவறாமல் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். வண்டியில் சத்தமே இல்லை, அதனால் எப்போது போகிறார், எப்போது வருகிறார் என்று எனக்கே தெரிவதில்லை.