துருப்பிடிக்காத ஆணி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு இலக்கிய ஆசை காரணமில்லை. ஆறு வருஷமாக வயிற்றில் கிடந்து எரிகிற ஆத்திரம்தான் காரணம். யார்மேல் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதன். பெயர் வல்லிநாயகம்.

2

முதல் தொடக்கம்: "சாரல் பூவாய்த் தூவிய ஓர் ஆடிக் காலையில், குற்றாலத்து மந்திகள்..."

அடித்துவிட்டேன். குற்றாலம் என்றால் மந்தி இல்லாமல் எழுத வராதா எனக்கு?

இரண்டாம் தொடக்கம்: 1939. சயன்ஸ் டீச்சர் ரெபேக்காளை வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்ஸ்பெக்டர் பாடம் பார்த்து முடிவு சொல்லவேண்டும். அவர் தென்காசிக்கு வரமாட்டார். சீசன் முடியும்வரை குற்றாலத்துப் பங்களாவில்தான் வாசம். காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல், அப்புறம்தான் ஆபீஸ். அதற்காக ஒரு வகுப்பே வண்டி கட்டிக்கொண்டு மழையில் அவரிடம் போகவேண்டும். கேட்பாரில்லை!

சரி, இதுவே இருக்கட்டும்.

3

பாடம் ஆக்ஸிடேஷன். இங்கிலீஷ் புத்தகத்தில் இரும்புக்கு ரஸ்ட், செம்புக்கு டார்னிஷ், விறகுக்குக் கம்பஸ்சன். பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. ரெபேக்காள் புத்தகத்தை மூடிவிட்டு, இரும்பில் துரு, செம்பில் களிம்பு, அடுப்பில் தீ, எல்லாம் காற்றிலுள்ள ஒரே வாயு செய்கிற வேலை என்று தமிழில் சொன்னார். விளங்கிவிட்டது.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்று என்னிடம் வந்தார். நான் 'காற்றேறுதல்' என்று ஆக்கிக் கொடுத்தேன்.* இரண்டு நாள் தலைகால் புரியவில்லை எனக்கு.

(* நல்ல சொல்லா என்று சண்டைக்கு வராதீர்கள். பிள்ளைகளுக்குப் புரிந்த சொல்.)

பரீட்சித்துக் காட்ட மூன்று பாட்டில்களில் மூன்று ஆணிகள். ஒன்று திறந்த தண்ணீரில். ஒன்று காய்ச்சி ஆற்றிய தண்ணீரில், காற்றுப் புகாதபடி மேலே எண்ணெய் மிதக்க. ஒன்று ஈரமே படாமல், சுட்ட சுண்ணாம்புக் கல்லோடு. முதல் ஆணி மட்டும் சிவக்கச் சிவக்கத் துருவேறியிருந்தது. அந்தத் துருவை நம்பித்தான் ரெபேக்காள், துணைக்கு நானும் வர, வண்டி ஏறினார். விதவைத் தாயும் இரண்டு தங்கைகளும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

4

பங்களாவில் பாட்டில்களைச் சுற்றியிருந்த துணியை விலக்கினால் மூன்று ஆணியும் பளபளக்கின்றன.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். (தமிழர்தான். ஆனால் தும்மினால்கூட இங்கிலீஷில்தான் தும்முவார். 'ர்' போட்டு எழுதுகிறேன் பாருங்கள், பழக்க தோஷம்.) எது ஆக்ஸிடைஸ் ஆகியிருக்கிறது என்று கேட்டார். ரெபேக்காளுக்கு முகம் செத்துவிட்டது.

வாசலில் நின்ற பள்ளிக்கூட ஆயா முத்துவடிவு சொன்னாள்: "நான்தான் டீச்சரம்மா. பெரியவுக முன்னால துருப்பிடிச்ச ஆணியக் காட்டலாமா? புளி போட்டுத் தேச்சு, எண்ணெ தடவி வச்சேன். சாரல் வந்தா அருவாளுக்கு, பூட்டுக்கு எல்லாம் தடவுதோம்லா. ஈரமும் காத்தும் சேந்தா இரும்பத் தின்னுரும். எண்ணெ இருந்தா அண்டாது."

பாடம் முழுவதும் அவள் வாயில் வந்துவிட்டது! ஒரு பெண் எழுந்து, அதற்குப் பெயர் காற்றேறுதல் என்றாள். ரெபேக்காளுக்கு முகத்தில் உயிர் வந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பண்டிதரே, தமிழில் அப்படி ஒரு சொல் உண்டா?"

ரெபேக்காளும் என்னைப் பார்த்தார்.

5

முடிவு அ: நான் எழுந்து, "உண்டு ஐயா, ஆக்கியவன் நான்" என்றேன். இன்ஸ்பெக்டர் வெட்கித் தலை...

பொய். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவர் அறிக்கையில் குத்திய குண்டூசி சாரலில் துருவேறி, அவர் எழுதிய தீர்ப்பையே அரித்துவிட்டது. இரண்டு இரவு இதை மெருகேற்றினேன். இதுவும் பொய். அந்தத் தாளை நான் பார்த்தேன். ஒரு கறை இல்லை. "ஆசிரியைக்கு ஆக்ஸிடேஷன் தெரியவில்லை. தகுதியற்றவர்." கீழே அழகான கையெழுத்து.

நடந்தது இதுதான்: "இல்லீங்க ஐயா" என்றேன். அடுத்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வுக்கு அவர்தானே எழுதவேண்டும்?

ரெபேக்காள் பாட்டில்களைத் துணியில் சுற்றினார். அந்த மாதமே வேலை போயிற்று. சுரண்டைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. முத்துவடிவு அதற்கப்புறம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததே இல்லை.

6

ஆத்திரம் யார்மேல் என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த இன்ஸ்பெக்டரை ஆறு வருஷமாகத் திட்டித் தீர்த்துவிட்டேன், பாதி ஆத்திரம்கூட அடங்கவில்லை.

இதற்கு முடிவு என்னால் எழுத முடியாது. எழுதினால் மறுபடி என்னைக் காப்பாற்றிக்கொள்வேன். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே சாரல். ஆணியில் எண்ணெய். ரெபேக்காள் உங்களைத்தான் பார்க்கிறார்.

"பண்டிதரே, தமிழில் அப்படி ஒரு சொல் உண்டா?"